லேவியராகமத்தில் நின்றுபோகாமல் வேதம் வாசிப்பது எப்படி?

மூன்று வருடம் தொடர்ந்து ஜனவரி ஒன்றாம் தேதி வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தைத் திறந்தேன். மூன்று வருடமும் பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோனேன். எந்த மிருகத்தின் கொழுப்பை எப்படித் தகனிக்க வேண்டும் என்று வாசித்துக்கொண்டிருக்கும்போது மனம் சமையலறைக்குப் போய்விடும். ஒரு நாள் விடும், அப்புறம் ஒரு வாரம். பிறகு டிசம்பர் கடைசியில் உடன்படிக்கை ஆராதனை வரும்போதுதான் குற்ற உணர்வோடு வேதாகமத்தின் தூசியைத் துடைப்பேன்.

நான்காவது முறை நிற்கவில்லை. இப்போது ஏழாவது வருடம் ஓடுகிறது. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தராததை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் பிறந்து, களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டிப் பாறசாலை பக்கம் வாழ்க்கைப்பட்டு, அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) முந்திரிப்பருப்புத் தோல் உரிக்கிற வேலை செய்கிறவள். வீட்டுக்காரர் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறார். வேலை, பிள்ளைகள், வயதான மாமியார் எல்லாவற்றுக்கும் நடுவில் வாசிக்கிறவர்களை மனதில் வைத்தே சொல்கிறேன்.

1. எந்த வேதாகமத்தை வாங்குவது

முதலில் உங்கள் சபையில் எது வாசிக்கப்படுகிறது என்று பாருங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புதான். ‘கர்த்தர்’, ‘தேவன்’, ‘இரட்சிப்பு’ என்று வருவது அது. அதில் 66 புத்தகங்கள். கத்தோலிக்கர்கள் 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வாங்கலாம். வாங்கும்போது இணைத்திருமுறை நூல்கள் (அந்த 66-க்கு மேல் கத்தோலிக்கர்கள் ஏற்கிற நூல்கள்) சேர்ந்த பதிப்புதானா என்று கேட்டு வாங்குங்கள். அதில் 73 புத்தகங்கள் இருக்கும்.

பழைய மொழிபெயர்ப்பு மனப்பாடத்துக்கும் ஜெபத்துக்கும் இனிமையானது. ஆனால் புதிதாக வாசிக்கிறவரை அதன் சொற்கள் தடுக்கும். ‘ஆயக்காரன்’ என்றால் வரி வசூலிக்கிறவன் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. ‘திமிர்வாதக்காரன்’ என்றால் திமிர் பிடித்தவன் என்று என் மகன் நினைத்துக்கொண்டிருந்தான்; கை கால் முடங்கிப்போனவன் என்று அர்த்தம். அதனால் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு, புரியாத இடத்தில் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் பாருங்கள். கைபேசியில் வேதாகமச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகளும் உண்டு.

செலவு என்று பார்த்தால், சாதாரணக் கட்டு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஜிப் உறை, தங்க ஓரம், தோல் அட்டை என்று போகப்போக விலை ஏறும். அந்தக் காசுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்குங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகாலை வெளிச்சத்தில் சின்ன எழுத்து நிச்சயம் கண்ணை வலிக்கவைக்கும், கண் வலித்தால் வாசிப்பு நின்றுபோகும். கூடவே ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் போதும். வண்ணப் பேனாவால் கோடு போடாதீர்கள். வேதாகமத்தின் தாள் மெல்லியது, மை மறுபக்கம் இறங்கி அங்கே உள்ள வசனத்தையும் கெடுக்கும்.

இன்னொன்று. நம் பக்கத்தில் இடவப்பாதி மழை தொடங்கினால் சுவரெல்லாம் ஈரம் கசியும். சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்த என் முதல் வேதாகமம் ஒரே மழைக்காலத்தில் பூசணம் பிடித்து, சங்கீதப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மரப்பலகை மேல், சுவரில் படாமல் வையுங்கள். தினமும் திறக்கிற புத்தகத்தில் பூசணம் அவ்வளவு சீக்கிரம் ஏறுவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன்.

2. மலையாளச் சபையில் இருப்பவர்கள் முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள்

எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் வருகிற சிக்கல் இது. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிறு, ஆராதனையில் ‘சத்ருசவாக்கியங்கள்’ என்று சொன்னார்கள். எல்லாரும் சரசரவென்று திருப்பினார்கள். என் கையில் தமிழ் வேதாகமம். எந்தப் புத்தகம் என்றே தெரியாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாமியார் எட்டி, என் புத்தகத்தின் நடுப்பகுதியைத் திறந்து, “மோளே, சங்கீதத்துக்கு அடுத்தது” என்று விரல் வைத்துக் காட்டினார். நீதிமொழிகள்.

அன்று மாலையே மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு வேதாகமத்தின் பொருளடக்கத்தையும் வைத்து ஒரு தாளில் எழுதினேன். நீங்களும் எழுதி அட்டையின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பெரும்பாலான பெயர்கள் கேட்டாலே புரியும். கவனிக்க வேண்டியவை இவைதான்:

ஆதியாகமம் – உல்பத்தி
யாத்திராகமம் – புறப்பாடு
எண்ணாகமம் – சங்க்யாபுஸ்தகம்
உபாகமம் – ஆவர்த்தனபுஸ்தகம்
சங்கீதம் – சங்கீர்த்தனங்கள்
நீதிமொழிகள் – சத்ருசவாக்கியங்கள்
உன்னதப்பாட்டு – உத்தமகீதம்
புலம்பல் – விலாபங்கள்
மத்தேயு, மாற்கு, லூக்கா – மத்தாயி, மர்க்கோஸ், லூக்கோஸ்
வெளிப்படுத்தின விசேஷம் – வெளிப்பாடு

‘அத்யாயம்’ என்றால் அதிகாரம். ‘வாக்யம்’ என்றால் வசனம். இது கையில் இருந்தால் பிரசங்கத்தைத் தொடர முடியும், வாசித்ததும் கேட்டதும் ஒன்றோடொன்று சேரும். ஆனால் தனியாக வாசிப்பது உங்கள் தாய்மொழியிலேயே இருக்கட்டும். சபை மலையாளம் என்பதற்காக அரைகுறையாகப் புரிகிற மொழியில் வாசித்து நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன்.

3. நேரமும் இடமும்

புதிதாக ஒரு நேரத்தை உண்டாக்க முயலாதீர்கள். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டுக்காரர் தலையில் லைட் கட்டிக்கொண்டு விடியுமுன் பால் வெட்டப் போவார். அவருக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்காருவேன். அந்த சாயா ஆறும்வரை வாசிப்பு. முதல் ஆறு மாதம் அவ்வளவுதான் செய்தேன். ஒரு அதிகாரம் சத்தமாக வாசிக்கப் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் ஆகும். யோசிக்க, எழுத, ஜெபிக்க இன்னொரு பத்து நிமிடம்.

இயேசுவும் அதிகாலையில், இருட்டோடே எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35-இல் இருக்கிறது. ஆனால் காலைதான் என்று கட்டாயம் இல்லை. இரவு வேலைக்காரர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் மதியம் வாசிக்கலாம். களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்கு தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. ஒலி வேதாகமத்தை இலவசமாக இறக்கி வைத்துக்கொண்டு கேட்கலாம். அண்டி உடைக்கிற பிரிவில் வேலை செய்யும் என் தோழிக்கு முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப் புண்ணாகியிருக்கும், பக்கத்தைத் தொட முடியாது. அவள் நாலு வருடமாகக் கேட்டுத்தான் வருகிறாள். கேட்பதும் வாசிப்புதான்.

கைபேசியில் வாசித்தால் முதலில் இணையத்தை நிறுத்திவிடுங்கள். குடும்ப ஜெபத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மாலையில் எல்லாரும் சேர்ந்து செய்வது, இது தனி.

4. எங்கே தொடங்குவது: ஒரு கணக்கு

66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. திங்கள் முதல் சனி வரை மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். கணக்கு சரிதான். ஆனால் புதியவர்கள் இதில் இறங்காதீர்கள். நான் மூன்று முறை விழுந்தது இங்கேதான்.

முதல் ஐந்து மாதத்துக்கு இப்படிப் போங்கள், ஒரு நாளைக்கு ஒரே அதிகாரம். மாற்கு 16 நாள். அதுதான் நான்கு சுவிசேஷங்களிலும் சின்னது, சம்பவம் மேல் சம்பவமாக ஓடும். பிறகு லூக்கா 24 நாள், அதன் தொடர்ச்சியான அப்போஸ்தலர் நடபடிகள் 28 நாள். பிலிப்பியர் 4, யாக்கோபு 5. அதற்குப் பிறகு ஆதியாகமம் 50 நாள், யாத்திராகமத்தில் பத்துக் கட்டளைகள் வரும் 20-ஆம் அதிகாரம் வரை 20 நாள். மொத்தம் 147 நாள்.

கூடவே நீதிமொழிகளில் தேதிக்கு ஒரு அதிகாரம். 31 அதிகாரம் இருப்பதால் மாதத்தோடு பொருந்தும். முதல் வாரம் கடினமாக இருந்தால் இதை அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, லேவியராகமம்? இயேசுவின் பலியைப் பற்றி வாசித்த பிறகு திரும்பி வாருங்கள், அந்தப் பலிகள் வேறு மாதிரித் தெரியும். 19-ஆம் அதிகாரத்தை மட்டும் முதலிலேயே வாசிக்கலாம். அறுக்கும்போது வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவிடு, கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்று நம் ஊர் வேலைகளைப் பற்றியே பேசுகிறது.

5. ஒரு அதிகாரத்தை வாசிக்கும் விதம்

முதலில் ‘ஆண்டவரே, பேசும்’ என்று ஒரு வரி ஜெபம். பிறகு முழு அதிகாரத்தையும் வாய்விட்டு ஒரு முறை. இரண்டாம் முறை மெதுவாக, பென்சிலோடு. அப்புறம் மூன்று கேள்விகள்: யார், யாருக்கு, எந்த நிலைமையில் சொன்னது? தேவன் எப்படிப்பட்டவர் என்று இது காட்டுகிறது? இன்று நான் செய்ய வேண்டியது எது?

மாற்கு 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முடங்கிக் கிடக்கிற ஒருவனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியவில்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். ஐந்தாம் வசனத்தில் ‘அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ என்று இருக்கிறது. சுமந்தவர்களின் விசுவாசமும் அதில் கணக்கில் இருக்கிறது! சின்ன வயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதை, அந்தச் சொல்லை அன்றுதான் பார்த்தேன். அன்று என் நோட்டில் எழுதியது இரண்டே வரி: “நாலு பேரில் ஒருத்தியாக இரு. சேச்சியை புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.” பக்கத்து வீட்டுச் சேச்சிக்குக் கூட வர ஆள் இல்லாமல் மூன்று வாரமாகப் பரிசோதனை தள்ளிப்போயிருந்தது. ஒரு நாள் கூலி போயிற்று. அவ்வளவுதான் செலவு.

6. அன்றன்று ஒரு காரியம்

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். அதிகாரம் முடிந்ததும் வாசிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அன்று செய்ய ஒன்று கிடைத்து, அதைச் செய்து, நோட்டில் பக்கத்தில் ஒரு டிக் போடும்போதுதான் முடிகிறது. “திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்” என்று யாக்கோபு 1:22 சொல்கிறது. கேட்டுவிட்டுச் செய்யாதவன் தன்னையே வஞ்சிக்கிறான் என்பது அதே வசனத்தின் இன்னொரு பாதி. அந்தப் பாதியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

செய்ய வேண்டியதை எழுதும்போது பெயர், நாள், இடம் மூன்றும் இருக்கட்டும். ‘அன்பாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. ‘இன்று சாயங்காலம் மாமியாருக்குக் கால் தேய்த்துவிட வேண்டும்’ என்று எழுதினால் நடக்கும்.

சில வசனங்கள் பெரிய விலை கேட்கும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் பக்கத்துப் பக்கத்து ரப்பர் விளை (தோட்டம்). கன்று வைக்கக் குழி எடுத்த வருடம் அதிர்க்கல் (எல்லைக்கல்) ஒன்று ஒன்றரை முழம் நகர்ந்தது. நகர்த்தியது எங்கள் பக்கம்தான். அண்ணன் கேட்டார், இவர் மறுத்தார், பேச்சு நின்றது. பல வருடம் ஒரே சபையில் இரண்டு மூலையில் உட்கார்ந்தார்கள்.

ஒரு மாதம் 22-ஆம் தேதி. நீதிமொழிகள் 22. “உன் பிதாக்கள் நாட்டிய பூர்வ எல்லைக்குறியை மாற்றாதே.” 28-ஆம் வசனம். அதற்கு முந்தைய மாதங்களிலும் இதை வாசித்திருக்கிறேன், கண் தாண்டிப் போயிருக்கிறது. அன்று போகவில்லை. ஆனால் அவரிடம் வசனத்தைச் சொல்லிக் குத்திக்காட்டவும் மனம் வரவில்லை. நாள் முழுக்க ஜெபித்தேன். இரவு, “இதை வாசிச்சேன், எனக்கு உறக்கம் வரல்ல” என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் வாசித்தார். ஒன்றும் பேசாமல் விளக்கை அணைத்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை பால் எடுத்து முடிந்ததும், அவரே அண்ணனைக் கூப்பிட்டுக் கயிறு பிடித்துக் கல்லைப் பழைய இடத்தில் நட்டார். இரண்டு மரம் அந்தப் பக்கம் போனது. நன்றாகப் பால் தருகிற மரங்கள். அந்த இரண்டு சிரட்டையில் இப்போது அண்ணன் பால் எடுக்கிறார். அண்ணன் அன்று ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் அதிகம் பேசுவதில்லை. பிள்ளைகள் போய் வருகிறார்கள். ஆனால் திருவிருந்து எடுக்க முன்னால் போகும்போது என் வீட்டுக்காரரின் நடை மாறியிருக்கிறது. அதை நான் பார்க்கிறேன்.

எல்லா நாளும் இப்படி இருக்காது. உபாகமம் 22:8, புதுவீட்டின் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது, யாரும் விழுந்து சாகாதபடிக்கு. அதை வாசித்த வாரம் எங்கள் கிணற்றின் இடிந்த சுற்றுக்கட்டைப் பூசினோம். சிமென்ட் ஒரு மூட்டை, மணல், கொத்தனார் ஒரு நாள். அதுவும் வேத வாசிப்புதான்.

7. பெரும்பாலும் விழுகிற குழிகள்

வாக்குத்தத்த அட்டை. புதுவருட ஆராதனையில் எடுக்கிற அட்டையில் எரேமியா 29:11 அடிக்கடி வரும், “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அருமையான வசனம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தின வசனம் எழுபது வருடம் ஆகும் என்கிறது. ஐந்தாம் வசனம், அந்த அந்நிய தேசத்திலேயே வீடு கட்டித் தோட்டம் வைத்துப் பிழையுங்கள் என்கிறது. இதெல்லாம் தெரியாமல் அட்டையை மட்டும் பிடித்திருந்தால், மார்ச் மாதத்திலேயே தேவன் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். எனக்குத் தோன்றியிருக்கிறது. அட்டை எடுத்தால் அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். மேலே இரண்டு வசனம் வாசித்தால், பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றதைப் பற்றி பவுல் பேசுகிறார் என்று தெரியும்.

கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்துக் கல்யாணம், வேலை, நிலம் வாங்குவதை முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தவருக்காக வாசிப்பது இன்னொரு குழி. ‘இது என் நாத்தனாருக்குச் சரியாகப் பொருந்தும்’ என்று மனம் சொன்னால், அங்கேயே நிறுத்தி அதே வசனத்தைத் திரும்ப உங்களுக்காக வாசியுங்கள்.

காலையில் கைபேசிக்கு வருகிற வசனப் படங்கள் வாசிப்பு ஆகாது. விசுவாசம் என்ற பெயரில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள். லூக்காவையே பவுல் ‘பிரியமான வைத்தியன்’ என்றுதான் அழைக்கிறார், கொலோசெயர் 4:14. புரியாத பகுதி வந்தால் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள், ஞாயிற்றுக்கிழமை போதகரிடமோ உபதேசியாரிடமோ கேளுங்கள். என் நோட்டில் இன்னும் பதில் கிடைக்காத கேள்விக்குறிகள் நிறைய இருக்கின்றன.

8. நாள் தவறினால்

தவறும். பிரசவம், மரணம், ஜுரம், கல்யாண வீடு எல்லாம் வரும். விட்ட அதிகாரங்களை ஒரே நாளில் ஓட்டி முடிக்க முயலாதீர்கள். நான் ஒரு முறை பதினொரு அதிகாரம் ஒரே இரவில் வாசித்தேன், ஒன்றும் நிற்கவில்லை, அடுத்த நாள் புத்தகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. தேதி போட்ட அட்டவணையை விட்டுவிட்டு, அதிகாரத்துக்கு நேராக டிக் போடுகிற அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘பின்தங்குவது’ என்பதே கிடையாது. எங்கே விட்டீர்களோ அங்கிருந்து தொடரலாம்.

துணைக்கு ஒரு ஆள் இருந்தால் நல்லது. என் மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது. சாயங்காலம் நான் காலையில் வாசித்த அதிகாரத்தை அவருக்குத் தமிழில் திரும்ப வாசிப்பேன். நான் நிறுத்துகிற இடத்தில் அவர் மலையாளத்தில் அடுத்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார். நான் வாசிக்காமல் விட்ட நாளில், ஏழு மணிக்குக் கட்டிலிலிருந்து குரல் வரும்: “மோளே, இன்னைக்கு எந்த அத்யாயம்?”